காஜாக்காரரின் முக்காலி

"திடீர்னு ஒரு கோடி வந்து மடியில விழுந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?"

தையல் மிஷினை மிதித்தபடியே அவள் கேட்டாள். இந்தக் கடையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வாய் நன்றாகப் பழகிவிட்டது.

காஜாக்காரர் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். பட்டன் நுழைகிற துளையைச் சுற்றித் தைத்துக் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் தொழில் பழக வருகிற பையன்களின் வேலை. இவருக்கு வயது அறுபதுக்குக் குறையாது. கை நடுக்கத்தில், ஊசியில் நூல் கோப்பதற்கே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"நாளைக்கும் இங்கேதான் வருவேன்" என்றார்.

"கனவுலகூடவா கஞ்சத்தனம்? காசா பணமா, தாராளமா நினைங்க."

அவள் தாராளமாக நினைப்பவள். புருஷன் கைகழுவிவிட்டுப் போனதிலிருந்து, மகள் படிப்பையும் வீட்டு வாடகையையும் இந்த மிஷினை மிதித்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். கோடி வந்தால் சொந்த வீடு, மகளுக்குத் தனி அறை, தெருமுனையில் தினமும் நிற்கிறதே, அந்த நீளமான கறுப்புக் கார் மாதிரி ஒன்று. அப்புறம் வெயில் ஏறும்வரை தூக்கம். ஊசி இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கப்போவதில்லை.

"தூங்கி எழுந்து?" என்று கேட்டார் காஜாக்காரர்.

"மறுபடியும் தூங்க வேண்டியதுதான்."

அவர் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்குத் தூங்கலாம்மா. அப்புறம், எதுக்கு எழுந்திரிக்கிறதுன்னே தெரியாது."

இல்லாதவர் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பேச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைக்கு முதலாளி, துணி வெட்டும் மாஸ்டர். அவரும் காஜாக்காரர் வயதுக்காரர்தான். ஆனாலும் 'வாடா போடா' என்றுதான் கூப்பிடுவார். உன்னை வைத்துக்கொண்டு மாரடிக்கிறேனே என்று தினம் ஒரு தடவையாவது வறுத்தெடுக்காமல் விடமாட்டார். கேட்கிற அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காஜாக்காரருக்கோ, திட்டு வாங்கிய பிறகுதான் முகமே தெளியும். வாங்கி வாங்கி மரத்துப்போய்விட்டது போலிருக்கிறது, பாவம்.

அன்று சாயங்காலம் ஒரு வாடிக்கையாளர் தன் சட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டார். காஜா எல்லாம் கோணல். ஒரு சட்டையில் பட்டனுக்கும் காஜாவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இனி இந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு இருக்கிறது பூசை என்று அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். மாஸ்டர் திட்டவில்லை. சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

"போதும்டா. நாளையிலேருந்து வராதே."

காஜாக்காரர் கையிலிருந்த ஊசி நழுவியது. "திட்டுடா. நல்லா நாலு வார்த்தை திட்டு. வராதேன்னு மட்டும் சொல்லாதே."

"திட்டி என்ன ஆகப்போகுது?"

"இனிமே பட்டனைத் தொடலை. வெட்டுத் துணியைப் பெருக்கித் தள்ளிட்டு ஓரமா உட்கார்ந்துக்கறேன். ரெண்டு பேரும் ஒரே மிஷின்ல மாத்தி மாத்தித் தைச்சோமே, அதுக்காகவாவது..."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.  காஜாக்காரர் முக்காலியை எடுத்துச் சுவரோரமாக வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவள் மிஷினை விட்டு எழுந்தாள். கூடவே தொழில் தொடங்கியவர் கடை முதலாளி. இவர் தலை நரைத்த பிறகும் பட்டன் பையன், இப்போது அந்த வேலையும் இல்லை. இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? மகளுக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் நினைவுக்கு வராமலில்லை. வந்தும் வாய் நிற்கவில்லை.

"மாஸ்டர், என் சம்பளத்துல பாதியைப் பிடிச்சுக்குங்க. அவரை அனுப்பாதீங்க. இதை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமே இல்லைதாம்மா. ஒரு காலத்துல அவன் எடுத்த காஜாவுக்கு இந்தத் தெருவிலேயே ஈடு கிடையாது. பக்கத்துக் கடைக்காரங்க வந்து பார்த்துட்டுப் போவாங்க. அந்தக் கையா இதுன்னு நினைச்சேன், இன்னிக்குத் திட்ட எனக்கு வாய் வரலை."

"அப்போ சம்பளம் இல்லாமலாவது அவரை உட்கார விடுங்க."

"சம்பளமா? அவனுக்கு நான் எப்போம்மா சம்பளம் கொடுத்தேன்? லாட்டரியில ஒரே நாள்ல பணம் கொட்டுச்சு, ஊசியைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போனான். கை தொழிலை மறந்தப்புறம் திரும்பி வந்து நின்னான். அந்த முக்காலியில உட்கார்ந்து, பழையபடி என்கிட்ட திட்டு வாங்கறதுக்கு, அவன்தான் எனக்கு மாசாமாசம் கொடுக்கறான். உனக்கு நான் கொடுக்கற சம்பளமே அந்தப் பணம்தான்."

அவள் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். தெருமுனையில் அந்த நீளமான கறுப்புக் காரின் கதவைத் திறந்து பிடித்தபடி டிரைவர் காத்திருக்க, ஏறுவதற்கு மனமில்லாமல் காஜாக்காரர் கடையையே திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.