தாளம் யார் கையில்?

மேடையேறப் போகிற நேரத்தில் டிரம்மர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இன்னியோட நான் நிறுத்திக்கறேன்டா. மனசு உறுத்துது."

முட்டிக்குப் பட்டை மாட்டிக்கொண்டிருந்த கிட்டார்காரர் நிமிர்ந்தார். "நாப்பது வருஷமா ராக் வாசிச்சுட்டு, இப்ப என்ன திடீர் ஞானோதயம்?"

"உன் கிட்டார் என் காது மெஷின்ல இடி மாதிரி விழுது. ரெண்டு மூணு வருஷமா மெஷினைக் கழட்டி வெச்சுட்டுத்தான் வாசிக்கிறேன். ஒரு மண்ணும் கேக்காது. நீ கால் தட்டறதைப் பாத்துத்தான் அடிக்கிறேன்."

கிட்டார்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. "அடப்பாவி! நானும் மெஷினைக் கழட்டிடறேன்டா. உன் குச்சியைப் பாத்துத்தான் காலே தட்டறேன்!"

இருவரும் பாடகர் பக்கம் திரும்பினார்கள். கண்ணாடி முன்னால் சாயம் போட்ட முடியைச் சிலுப்பிக்கொண்டிருந்தவர் அசடு வழிந்தார்.

"என்னை ஏன்டா பாக்கறீங்க? எனக்கும் காது அவுட்டு. முன்வரிசை தலையாட்டறதைப் பாத்துத்தான் பாடறேன். எல்லாம் நம்ம காலத்து ரசிகர்கள். தாளம் தப்பவே தப்பாது!"

டிரம்மருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேட்கிற காது அங்கேயாவது இருக்கிறதே! ஓய்வாவது, ஒன்றாவது!

திரை விலகியது. இத்தனை நாளும் கிட்டார்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், இன்றுதான் முதல்முறையாக முன்வரிசையைப் பார்த்தார்.

அங்கே நரைத்த தலை ரசிகர்கள் எல்லாரும் காது மெஷினைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையாட்டத் தயாராக அவருடைய குச்சியையே பார்த்தார்கள்.