காக்கை படித்த இங்கிலீஷ்

பஸ் ஸ்டாண்டுப் புங்கமரத்தில் ஒரு காக்கை தன் மனைவியோடு குடியிருந்தது. தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் அதற்கு ஏகப் பெருமை. தெரிந்தது என்னவோ 'அட்ஜஸ்ட்' என்ற ஒரே சொல்தான். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காருவதிலிருந்து ஓட்டல் சாம்பாரில் உப்பில்லாதது வரைக்கும் மனிதர்கள் அந்த ஒன்றை வைத்தே சமாளிப்பதைப் பார்த்ததும், மேற்கொண்டு படிப்பதை அது நிறுத்திவிட்டது.

அணிலின் வடையைப் பிடுங்கித் தின்றுவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா" என்றது. கூடு ஒழுகுகிறது என்று மனைவி சொன்னபோது, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டது.

மனைவி இரை தேடப் போயிருந்த ஒருநாள், குயில் ஒன்று வந்து நின்றது.

"அண்ணே, ஒரே ஒரு முட்டைதான். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

காக்கைக்குத் தொண்டை வரை வசவு வந்தது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டபிறகு முடியாது என்ற ஆளை அது பார்த்ததே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து உட்காருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறது. அதுவும் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தது.

குஞ்சுகள் பொரிந்து வளர்ந்தன. ஒருநாள் காலையில் அவற்றில் ஒன்று கழுத்தை நீட்டி, "கூ" என்றது.

மனைவி குஞ்சைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

காக்கை வாயைத் திறந்தது. படித்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த நேரம் பார்த்து மறந்துபோய், "கா" என்று மட்டும் வந்தது.