பக்கத்து சீட்டில் எடை

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. ஊருக்குள்ள ஓட்டவா, பந்தயத்துல விடவா?"

"ரெண்டுக்கும்தாண்ணே."

"ரெண்டுக்கும் ஒத்துவர்ற கிளட்ச்சை இன்னும் எவனும் செய்யலை" என்றார் ஸ்பானர் அண்ணன். அந்த வொர்க்‌ஷாப்பின் சொந்தக்காரர். அவருடைய நிஜப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இரண்டு பெட்டிகளைத் திறந்து மேசைமேல் வைத்தார். "இது மெத்துனு இருக்கும். பெடலை அமுக்கறதே தெரியாது. ஆனா உங்க வண்டி அறுநூறு ஹார்ஸ்பவர். பந்தயத்துல ஒரு அழுத்து அழுத்தினீங்கன்னா, இது வழுக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு இரும்புத் தட்டு. கப்புனு பிடிக்கும், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும். பெடல்தான் கல்லு. இடது கால் கெஞ்சும்."

"ஞாயித்துக்கிழமை பந்தயம்தாண்ணே முக்கியம். ஒரு வருஷமாக் காத்திருக்கேன். இரும்பையே போடுங்க."

பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு கொடுத்து வேறு ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். "போகட்டுமா, வேண்டாமா?" என்று அவள் கேட்டதற்கு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் "உன் இஷ்டம்" என்று சொன்ன மனுஷன் இவன். கிளட்ச்சுக்கு மட்டும் இரண்டே நிமிடத்தில் முடிவு.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போனில் வந்தார்.

"திங்கக்கிழமை காலையில கண்டிப்பாச் சொல்லிடறேன் சார். இல்ல சார், வீட்ல அவருக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்றாள், அவன் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே. அவன் கிளட்ச் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மாலை சாவியோடு வந்து நின்றான்.

"கிளம்பு. புது கிளட்ச்சைப் பழக்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு?"

"பக்கத்து சீட்டுல எடை இருக்கணும்."

"அதாவது, மணல் மூட்டை."

"மூட்டைக்கு பெல்ட் போட முடியாது" என்றான், முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல்.

போனாள். ஊரிலேயே நெரிசலான சாலையாகப் பார்த்து வண்டியை விட்டான். ஒவ்வொரு சிக்னலிலும் கார் முரட்டு மாடு மாதிரி உதறிக்கொண்டு கிளம்பியது.

"வேற ரோடே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நின்னு நின்னு கிளம்பினாத்தான் பழகும்."

சிவப்பு விளக்கில் நிற்கும்போது செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது? பேச்சு வந்தது. வீட்டில் "ம்" என்ற ஒற்றை எழுத்தில் குடும்பம் நடத்துகிறவன், அவள் அலுவலகத்தில் பக்கத்து மேசையில் யார் என்று கேட்டான். மேனேஜர் மாதிரி அவள் பேசிக் காட்டியபோது, பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தான். பின்னால் ஒரே ஹாரன். இன்னொரு நாள் பேக்கரி வாசலில் ஓரங்கட்டி, "எடை கொஞ்சம் பத்தலை. ஏதாவது சாப்பிடு" என்றான்.

ராத்திரி மாடிப்படி ஏறும்போது மட்டும் இடது காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தான்.

வியாழக்கிழமை அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, நீல நிறப் புடவை கட்டிக்கொண்டாள். கண்ணாடியைப் பார்த்ததும் தன்மேலேயே கோபம் வந்தது. மணல் மூட்டைக்கு எதற்கு இத்தனை ஜோடனை?

சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. பந்தயம் முடிந்தால் எல்லாம் முடிந்தது. அவன் டிவிக்குப் போய்விடுவான், அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். கிளட்ச்சை நம்பி யாராவது குடித்தனம் நடத்த முடியுமா? திங்கட்கிழமை மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிடுவது என முடிவுசெய்தாள்.

சனிக்கிழமை, பந்தயத்துக்கு முன் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட வண்டியை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பானர் அண்ணன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகம் விழுந்துவிட்டது. அவனைத் தனியே அழைத்து ஏதோ சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே டீ வாங்கப் போனான்.

"என்னண்ணே?" என்றாள்.

"நாளைக்கு இது ஓடாதும்மா. தட்டு தீய்ஞ்சு போச்சு. ஓட்டும்போதே வாடை வருது. தம்பிகிட்ட சொன்னா, 'சரிண்ணே'ங்கறாரு, அவ்வளவுதான்!"

என்ன கோபம் இருந்தாலும், ஒரு வருடக் கனவு இப்படிப் போகவேண்டாம்.

"எப்படிண்ணே? தினம் சாயங்காலம் சிக்னல் சிக்னலா நின்னு, ஒழுங்காத்தானே பழக்கினோம்?"

"எதைப் பழக்கினீங்க?"

"கிளட்ச்சைத்தான்."

ஸ்பானர் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இரும்புத் தட்டைப் பழக்கவே வேண்டாமேம்மா! போட்ட அன்னைக்கே பந்தயத்துல விடலாம். நெரிசல்ல மட்டும் கொண்டுபோயிராதீங்க, வெந்துபோயிரும்னு தம்பி வண்டியெடுக்க வந்தப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நேத்து வேற போன் பண்ணி, 'திங்கக்கிழமை வரைக்கும் தாங்குமாண்ணே'ன்னு கேட்கறாரு. பந்தயம் ஞாயித்துக்கிழமை, இவருக்குத் திங்கக்கிழமை என்ன வேலைன்னு எனக்குப் புரியவே இல்லை."