கரண்ட் குளியல்

"தம்பி, அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. குடையைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்க. என் காலெல்லாம் சொட்டுது."

அந்த அம்மா வேறு யாருமில்லை, சொன்னவளின் கூடப்பிறந்த அக்கா. கை நீட்டினால் தொடும் தூரத்தில், அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"காலை மடக்கி வெச்சுக்கிட்டா ஏன் சொட்டுதாம்? அதையும் கேளுங்க தம்பி" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்து.

வலிக்கு லேசாகக் கரண்ட் பாய்ச்சும் ஆஸ்பத்திரி மின்குளியல் அறைக்கு அந்தத் தம்பிதான் பொறுப்பாளர். எல்லோருக்கும் கரண்ட்காரர். இந்த இரண்டு பேர் வரும் நாட்களில் மட்டும் தபால்காரர் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

இருவரும் ஒரு காலத்தில் ஒரே சலவைக்கடையில் இஸ்திரி போட்டுப் போட்டு மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள். அங்கே என்றோ ஒரு வெள்ளைக் கல்யாண கவுன் தீய்ந்துபோனது. தங்கைதான் தீய்த்தாள் என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. டாக்டர் இருவருக்கும் ஒரே நேரம் கொடுத்ததால் இந்த அறையில் மட்டும்தான் சந்திப்பு. அதுவும் இன்று கடைசிக் குளியல். இதை விட்டால் இவர்கள் ஜென்மத்துக்கும் பேசப் போவதில்லை என்று கரண்ட்காரருக்கு மனசு அடித்துக்கொண்டது.

அவர் உள்ளே போய் வெந்நீர் கொண்டுவரும்வரை, ஒருத்தி சுவரையும் மற்றவள் ஜன்னலையும் பார்த்தபடியே இருந்தார்கள்.

அந்தக் குளியல் எப்படி வேலை செய்கிறது என்று யாருக்காவது விளக்காவிட்டால் கரண்ட்காரருக்குச் சோறு இறங்காது. நாற்காலியின் கைப்பிடிகளில் பக்கத்துக்கு ஒரு பீங்கான் தொட்டி. உள்ளே ஒரு கரித்தகடு. விரலாலேயே முறுக்கக்கூடிய ஒரு பித்தளைத் திருகு, ஒயரை அந்தத் தகட்டோடு பிடித்து நிறுத்தும். தொட்டிகளில் இளஞ்சூட்டில் நீர் ஊற்றிக் கைகளை விட்டால், பேட்டரியின் கரண்ட் ஒரு கை வழியாக ஏறி, மறு கை வழியாக அடுத்த தொட்டிக்கு இறங்கிவிடும். "ரெண்டு கரைக்கும் நடுவுல உங்க உடம்புதான் பாலம்" என்பார்.

இன்று நீரை ஊற்றி சுவிட்சைப் போட்டார். மீட்டர் முள் அசையவில்லை.

குனிந்து பார்த்தார். அக்காவின் வலப்பக்கத் தொட்டியில் திருகைக் காணோம். தங்கையின் இடப்பக்கத் தொட்டியிலும் காணோம். காலையில் தொட்டிகளைத் துடைத்தபோது விழுந்து, குப்பையோடு போயிருக்க வேண்டும்.

"ரெண்டு நாற்காலியும் இன்னைக்கு வேலை செய்யாது" என்றார்.

"ரெண்டுமா?" அக்காவும் தங்கையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

மிச்சமிருக்கும் திருகுகளில் ஒன்றைக் கழற்றி அடுத்த நாற்காலியில் மாட்டினால், அது ஒன்றாவது முழுசாகிவிடும். ஒருவர் மாற்றி ஒருவர் உட்காரலாம். கரண்ட்காரருக்கு இது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் மனசுக்குள் ஒரு குறும்பு முளைத்தது. வாயை மூடிக்கொண்டு, பலகையில் ஒயர்களை மாற்றிச் செருகினார்.

"ஒரே வழிதான் இருக்கு. பெரியக்கா, உங்க இடது கையைத் தொட்டியில விடுங்க. சின்னக்கா, நீங்க வலது கையை. நடுவுல ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே பாலம்."

"இவ கையையா?"

"இவங்க கையையா?"

"வேண்டாம்னா வீட்டுக்குப் போகலாம்."

இருவரும் எழுந்திருக்கவில்லை. நனைத்த கைகளை நீட்டி, விரல் நுனிகளை மட்டும் ஒட்டி வைத்தார்கள். கரண்ட்காரர் சுவிட்சைப் போட்டார்.

"அய்யோ!" இருவரும் துள்ளினார்கள்.

"பட்டும் படாம பிடிச்சா ஒரே இடத்துல குவிஞ்சு சுரீர்னு குத்தும். இறுக்கிப் பிடிச்சா பரவலா ஓடும், வலிக்காது. இது நான் சொல்றதில்லை, கரண்ட் சொல்றது."

இறுக்கிப் பிடித்தார்கள். முள் மெல்ல ஏறி நின்றது. எறும்பு ஊர்வதுபோல் ஏதோ ஒன்று அக்காவிடமிருந்து தங்கைக்குப் போனது.

"ஏண்டி, கை இப்படி எலும்பாப் போயிடுச்சு? சாப்பிடறியா இல்லையா? சமைக்கத் தெரியாதா உனக்கு?"

தங்கை ஜன்னலை விட்டு அக்காவைப் பார்த்தாள்.

"சமைக்கத் தெரியும். தனியா உக்காந்து சாப்பிடத்தான் தெரியலை."

அக்காவின் பிடி இன்னும் இறுகியது.

"கவுனை நான் தீய்க்கலைக்கா."

"யார் தீய்ச்சா என்னடி? அதைப் போட்டுக்க வேண்டியவளுக்கே இந்நேரம் பேத்தி பொறந்திருக்கும்."

தங்கை பொங்கிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். கைகள் குலுங்க, மீட்டர் முள்ளும் சேர்ந்து குதித்தது. கரண்ட்காரர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

குளியல் முடிந்தது. "நீ வாக்கா, நான் போய் வண்டி பாக்கறேன்" என்று தங்கை வெளியே போனாள்.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு அவர் அருகில் வந்தாள். அவர் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்தினாள். ஒரு பித்தளைத் திருகு.

"மன்னிச்சுக்குங்க தம்பி. என் நாற்காலி கெட்டுப்போனா, 'எழுந்திருடி, நானும் கொஞ்சம் உட்காரறேன்'னு அவகிட்ட கேக்கலாமேன்னு நெனச்சேன். வாயைத் திறக்க ஒரு சாக்கு வேணாமா? என்னோடதுல கழட்டினா அவளோடதும் சேர்ந்து நின்னுபோகும்னு எனக்கென்ன தெரியும்?"

"அது எப்படி நிக்கும் பெரியக்கா? ரெண்டுக்கும் தனித்தனி..." என்று ஆசையாக விளக்கத் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

திறந்த ஜன்னலுக்கு வெளியே தங்கை, யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இன்னொரு பித்தளைத் திருகை ஓசைப்படாமல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.