ஆதாரம்

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எழில்மாறன் போனைத் திறந்தான். உள்ளே அவன் மனைவி வெண்ணிலா கிடந்தாள். காலையில் ஸ்கூட்டரில் வேலைக்குக் கிளம்பிப் போனவள். அவனுக்கு அழுகை வரவில்லை. முகநூல் குழுவில், ஆன்மா உண்டா இல்லையா என்று மூன்று நாளாக நடந்த சண்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முகம் தெரியாத சடகோபன் அவனுக்கு எழுதியிருந்தார்: “எங்க சார் ஓடிட்டீங்க? உங்க வீட்ல ஒரு சாவு விழுந்தா தெரியும், செத்தவங்க எங்கயும் போறதில்லன்னு.”

“ஆதாரம் இருக்கா?” என்று தட்டி அனுப்பினான். எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்விதான். பதிலுக்காக ஒருநாளும் காத்திருந்ததில்லை.

ஊழியர் கதவைத் திறந்தார். “வெண்ணிலாகூட வந்தவங்க யாரு? கையெழுத்துப் போடணும்.”

“ஒரு நிமிஷம்ணே,” என்றான். சடகோபன் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரையில் மூன்று புள்ளிகள் அசைந்துகொண்டிருந்தன.