அப்படியே எடுத்த ஆட்டம்

வந்தவர் சட்டையை பேண்ட்டுக்குள் விட்டிருந்தார். அதைப் பார்த்ததுமே பெனோவுக்குப் பாதி உயிர் போயிற்று.

பாளையங்கோட்டை சர்ச் வளாகத்தில் ஸ்தோத்திரப் பண்டிகைக் கடைகள். பெனோவின் கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி. சபை ஐயர்தான் காலையில் ஜெபம் பண்ணித் திறந்துவைத்தார். உள்ளே ஓடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஆட்டம் நகல் எடுத்தது என்பது ஐயருக்குத் தெரியாது.

கேம் கம்பெனி ஆள் வைத்துப் பிடிக்கிறது, திசையன்விளையில் ஒருவன்மேல் கேஸ் என்று போன வாரம்தான் கேள்விப்பட்டிருந்தான். பக்கத்துக் கடையில் அவன் மனைவி டார்லின் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்முன்னால், சபை நடுவே போலீஸ் கூட்டிப் போனால் மறுபடி எந்த முகத்தோடு இந்த வாசல் ஏறுவான்?

வந்தவர் ஆட ஆரம்பித்தார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவராக ஆடினார்.

மூன்றாவது கட்டத்தில் விமானங்கள் குவிந்ததும் திரை மெதுவானது. அவர் திரும்பிப் பார்த்தார்.

பெனோ சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன் வேலையில் குறை என்றால் அவனுக்குத் தாங்காது.

“ஒரிஜினல் போர்டுலயும் இந்த இடத்துல பையத்தான் ஓடும், அண்ணாச்சி. ஒரு புள்ளி மாத்தாம அப்படியே எடுத்திருக்கேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். தவளை தன் வாயால் கெட்டது.

ஒரே ஒரு தைரியம், அந்த போர்டு, ஆட்டம் பதிந்த அசல் சர்க்யூட் பலகை, அவன் வீட்டு அலமாரியில் இருந்தது. அசல் கையில் இருந்தால் நகல் குற்றமில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது வீட்டில் ஆடுவதற்கு மட்டுமா, கடை போடுவதற்குமா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்து ஸ்கோர் பட்டியல் வந்தது. போர்டின் பேட்டரி பல வருடம் காப்பாற்றி வைத்திருந்த பழைய ஸ்கோர்கள். அழித்தால் அசல்போல் இருக்காது என்று அவற்றையும் சேர்த்தே நகல் எடுத்திருந்தான். முதலிடத்தில் மூன்று எழுத்து: கே, ஏ, பி.

வந்தவருக்கு இரண்டாம் இடம். திரை பெயர் கேட்டது. அவர் நிதானமாக ஒவ்வோர் எழுத்தாக ஏற்றினார்.

கே. ஏ. பி.

கம்பெனி பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது.

“எம் பேரக்கூட அழிக்காம வச்சிருக்கியே, தம்பி.”

குலசேகரன்பட்டினத்தில், பூட்டிக் கிடந்த கபிரியேல் வீடியோ கேம்ஸ் கடையின் பின்கதவை அந்த போர்டுக்காக அவன் பெயர்த்தபோது, தசரா மேளத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.