அண்ணாச்சி எழுந்தால்தான்

“அண்ணாச்சி, போயிட்டு வாரேன்.”

துர்காதேவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் வந்து சொன்னபோது மணி ஆறு. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்!

சேலை மடித்துக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. அருப்புக்கோட்டையில் அந்த மொத்த விற்பனைச் சேலைக் கடையைத் திறந்த நாளிலிருந்து, முதலாளி நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி கல்லாவை விட்டு எழாமல் ஒருவர்கூட வீட்டுக்குக் கிளம்பியதில்லை. அவர் எழுந்திருக்க இரவு ஒன்பதாகும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. ஆனால் முதலாளி உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் போவது?

அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ம்... பாத்துப் போம்மா.”

போயே போய்விட்டாள்!

மேனேஜர் சக்திகுமாருக்கு வயிறு எரிந்தது. நேர்காணலிலேயே அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை. “இந்த வேலையில உனக்கு என்னம்மா வேணும்?” என்று அண்ணாச்சி கேட்டதற்குக் கொஞ்சமும் யோசிக்காமல் அடுக்கினாள்.

“வியாபாரம் கத்துக்கணும் அண்ணாச்சி. ஆன்லைன் விற்பனைய முழுசா எங்கிட்ட விடணும். தப்புன்னா கூப்பிட்டுச் சொல்லிக் குடுங்க, எல்லார் முன்னாடியும் திட்டாதீக. ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும்.”

இருபத்திரண்டு வயசில் இவ்வளவு வாய்! சக்திகுமார் அந்த வயசில் அண்ணாச்சி முன்னால் நின்று தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

மறுநாளும் ஆறு மணிக்கு அவள் பையை எடுத்தாள். சக்திகுமார் வாசலிலேயே மறித்தார்.

“வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?”

“எல்லாரும் நல்லாத்தான் இருக்காக அண்ணே.”

“மேல ஏதும் படிக்கிறியா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் உங்க ஊரு மல்லாங்கிணத்துக்குப் போயி என்னதான் பண்ணப் போற?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். மொட்டை மாடியில படுத்துப் பாட்டுக் கேப்பேன்.”

சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். சக்திகுமார் தலையில் அடித்துக்கொண்டார். சும்மா இருப்பதற்காக ஒருத்தி கடையை விட்டுப் போகிறாளே!

மூன்றாம் நாள் அவருக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. அதற்குக் காரணம் துர்காதேவி மட்டுமல்ல. அன்று அவர் மகள் தேவிபிரியாவின் பள்ளி ஆண்டு விழா. மேடையில் சிலம்பம் சுற்றப் போகிறாள்.

“இன்னைக்காவது வருவீங்களாப்பா?” என்று காலையில் கேட்டாள்.

“அண்ணாச்சி சீக்கிரம் எந்திரிச்சா வாரேன்டா.”

ஒவ்வொரு வருஷமும் இதே பதில்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது நாள் முழுக்க அவரை அறுத்துக்கொண்டே இருந்தது.

ஆறு மணி. துர்காதேவி பையோடு கல்லாவுக்கு வந்தாள். சக்திகுமார் பொறுக்கமாட்டாமல், கையிலிருந்த சேலையோடு முன்னால் பாய்ந்தார்.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ளைய இன்னையோட நிப்பாட்டிருங்க! இதப் பாத்து நாளைக்கு எல்லாரும் கெளம்புவாக. கடை என்னத்துக்கு ஆகும்?”

கடை முழுக்கப் பரபரப்பு. பண்டல் கட்டுபவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வேலை துர்காதேவிக்கும் வேண்டியதுதான். ஆனாலும் குரல் தடுமாறவில்லை.

“வந்த ஆர்டரெல்லாம் அனுப்பிட்டேன் அண்ணாச்சி. வேலை இருந்தாச் சொல்லுங்க, எவ்வளவு நேரமானாலும் இருந்து பாக்குறேன். சும்மா இருக்கிறதுக்கு எங்க வீடே போதும்.”

யாரோ ‘களுக்’கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அண்ணாச்சி சக்திகுமார் பக்கம் திரும்பினார்.

“லாரிக்குப் பார்சல் போயிருச்சா சக்தி?”

“அஞ்சு மணிக்கே போயிருச்சு அண்ணாச்சி.”

“இப்ப நீ என்ன வேலை பாத்துக்கிட்டு இருக்க?”

சக்திகுமார் கையைப் பார்த்தார். மடித்த சேலையைப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் எல்லோருக்கும் இதே வேலைதான்.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. மனைவி பஞ்சம்மாள். எடுத்ததுமே மேளச் சத்தம், மைக் சத்தம்.

“என்னங்க, அடுத்து நம்ம பிள்ளதான்! வாசலையே பாத்துக்கிட்டு நிக்கிறா!”

பள்ளிக்கூடம் அடுத்த தெருதான். சற்றுமுன் ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பச் சொன்ன அதே வாயால் எப்படிக் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தினமும் தான் போக ஆசைப்பட்டதைத்தானே இவள் வாய்விட்டுக் கேட்டாள்!

“அண்ணாச்சி...” ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். “எனக்கும் போகணும். எம்மக சிலம்பம் சுத்துறா. நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

“எனக்கும் போகணும் அண்ணாச்சி” என்றாள் பில் போடும் முருகேஸ்வரி.

“எனக்கும்...” “எனக்கும் அண்ணாச்சி...” மூலைக்கு மூலை குரல் கிளம்பியது.

அண்ணாச்சி விருட்டென்று எழுந்தார். அவ்வளவுதான், இன்றைக்குக் கிழிக்கப் போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவரோ சந்தோஷம் தாங்காமல் கல்லாவைப் படாரென்று பூட்டினார்.

“அட, இத முதல்லயே சொல்லக் கூடாதா? நீங்கெல்லாம் ஒன்பது மணி வரைக்கும் வேலை பாக்கையில முதலாளி எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்னுதான்யா, இத்தன வருஷமா நானும் உக்காந்தே கெடக்கேன்!”